சார்ஜர் கேபிளுக்குள் ஒரு கீபோர்டு: ஓ.எம்ஜி கேபிள் பற்றிய நிகழ்வு ஆய்வு

2024 டிசம்பரில் லூமாஃபீல்டு என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு யுஎஸ்பி-சி கேபிளை சிடி ஸ்கேன் எடுத்து, அந்தப் படங்களை வெளியிட்டது. தொழிற்சாலைப் பொருட்களை உடைக்காமல் உள்ளே பார்க்க உதவும் ஸ்கேன் இயந்திரங்களைச் செய்வதுதான் அவர்கள் தொழில். வெளியே பார்த்தால் எந்த மொபைல் கடையிலும் தொங்கும் கேபிள் மாதிரிதான் இருந்தது. ஸ்கேனில் பார்த்தால், பிளக்கின் உறைக்குள் ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் (ஒரே சில்லுக்குள் அடங்கிய குட்டிக் கணினி) ஒரு ஆன்டெனாவும் இருந்தன. படத்தைக் காட்டும் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, அந்த மைக்ரோகன்ட்ரோலரோடு சேர்த்து அடுக்கியிருந்த இன்னொரு சில்லும், அதற்குப் போகும் மெல்லிய கம்பிகளும் தெரிந்தன. சாதாரண இருபரிமாண எக்ஸ்ரேயில் இந்த இரண்டாவது சில்லு கண்ணில் படாமலே போயிருக்கும்.

அந்தக் கேபிளின் பெயர் ஓ.எம்ஜி. எம்ஜி என்ற புனைபெயரில் அறியப்படும் மைக் குரோவர் உருவாக்கியது. ஹாக்5 என்ற நிறுவனம் இதை வெளிப்படையாக, சட்டப்படி விற்கிறது. தங்கள் பாதுகாப்பைச் சோதித்துப் பார்க்க நிறுவனங்கள் காசு கொடுத்து அமர்த்தும் 'ரெட் டீம்' ஆட்கள்தான் இதன் வாடிக்கையாளர்கள். ஆய்வுக்கு இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. இது எப்படி வேலை செய்கிறது, என்ன விலை, எங்கே தோற்கும் எல்லாமே பொதுவெளியில் இருக்கிறது. திருடர்கள் செய்யும் கேபிளுக்கு யாரும் கையேடு போடுவதில்லை.

செய்யும் வேலையைப் பார்ப்போம். ஃபோனை இதில் செருகினால் சார்ஜ் ஏறும், டேட்டாவும் போகும். கணினியைப் பொறுத்தவரை, உள்ளே இருக்கும் சில்லு அந்த நேரத்தில் தூங்குகிறது. கணினியின் சாதனப் பட்டியலில் அது இருக்காது. ஆனால் கேபிளுக்குள் ஒரு குட்டி வைஃபை நிலையமும் அதில் ஒரு வலைப்பக்கமும் ஓடுகின்றன. தாக்குபவர் தன் ஃபோனின் பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முன்கூட்டியே எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பில் ஒன்றை அழுத்துவார். அந்தக் கணத்தில் கேபிள் கணினியிடம் "நான் ஒரு கீபோர்டு" என்று அறிமுகம் செய்துகொண்டு, தட்டச்சு செய்ய ஆரம்பிக்கும். உயர்விலை மாடல் நொடிக்கு 890 விசைகள் வரை அடிக்கும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். குறிப்பிட்ட வைஃபை எல்லைக்குள் வந்தால் மட்டும் செயல்பட வைக்கலாம். வேலை முடிந்ததும் தன் நினைவகத்தைத் தானே அழித்துக்கொள்ளச் சொல்லலாம். இன்னொரு வகை, கழற்றி மாட்டும் வயர் உள்ள கீபோர்டுக்கும் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்து, நீங்கள் அடிப்பதையெல்லாம் பதிவு செய்யும். அதில் 6,50,000 விசை அழுத்தங்கள் வரை சேமிக்க இடம் இருக்கிறது. ஒருவருடைய பல வார வேலை அதில் அடங்கிவிடும்.

ஒரு கேபிள் சொன்னதைக் கணினி ஏன் அப்படியே நம்புகிறது? யுஎஸ்பியின் வடிவமைப்பு அப்படி. ஒரு சாதனத்தைச் செருகியதும் அது தன்னைப் பற்றிய ஒரு சிறு விவரக் குறிப்பை அனுப்புகிறது: எந்த வகை, எந்த நிறுவனம், எந்த மாடல். மனிதர்கள் உள்ளீடு தரும் சாதனங்களுக்கு, அதாவது கீபோர்டு, மவுஸ் மாதிரியானவற்றுக்கு, வகை எண் 03. நிறுவனத்துக்கு ஒரு 16 பிட் எண், மாடலுக்கு ஒரு 16 பிட் எண். இவை எல்லாமே சாதனம் தானே சொல்லிக்கொள்வது. கையெழுத்து, சான்றிதழ், சரிபார்ப்பு எதுவும் கிடையாது. எந்த எண்ணையும் யாரும் போட்டுக்கொள்ளலாம். பிரபல நிறுவனத்தின் கீபோர்டு எண்ணையே கேபிளும் சொல்லலாம். கல்யாண மண்டபத்துப் பந்தியில் தெரியாத முகம் ஒன்று உட்கார்ந்தால், மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீடு என்று நினைப்பார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்று நினைப்பார்கள். இங்கேயும் அதே கதை: செருகும் பொருளைப் பார்த்துச் செருகுவது பயனரின் பொறுப்பு என்று கணினி இருக்கிறது, கணினி பார்த்துக்கொள்ளும் என்று பயனர் இருக்கிறார்.

கீபோர்டுக்கு இந்த அளவு சலுகை கொடுத்ததற்கு நியாயமும் உண்டு. கணினியில் கீபோர்டே இல்லை என்றால், "இந்தப் புதிய கீபோர்டை அனுமதிக்கவா?" என்ற கேள்விக்கு எதை வைத்துப் பதில் சொல்வது? அதனால்தான் இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் திரையிலேயே கீபோர்டு வேலை செய்யும்படி ஒரு எளிய நெறிமுறையும் உண்டு. அதன்படி கீபோர்டு அனுப்பும் ஒவ்வொரு தகவலும் வெறும் 8 பைட். முதல் பைட்டில் ஷிப்ட், கன்ட்ரோல் போன்றவை. ஒரு பைட் சும்மா. மீதி ஆறில் அழுத்தப்பட்ட விசைகள். இதைப் போலியாகச் செய்ய ஒரு மலிவான சில்லும் ஒரு மாலை நேரமும் போதும்.

இதில் தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்குச் சுவாரசியமான ஒரு விஷயம் இருக்கிறது. கீபோர்டு எழுத்துகளை அனுப்புவதில்லை, விசையின் இடத்தைத்தான் அனுப்புகிறது. எழுத்தாக மாற்றுவது கணினியின் வேலை. ஆகவே கணினி தமிழ்99 அமைப்பில் இருக்கும்போது இந்தக் கேபிள் 'பவர்ஷெல்' (powershell, விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் நிரல்) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடிக்க முயன்றால், முதல் இரண்டு எழுத்துகளே ணகரமும் டகரமுமாக விழும்; கட்டளை ஓடாது. ஜெர்மன் கீபோர்டு அமைப்புள்ள கணினியில் ஒய்-யும் இசட்-டும் இடம் மாறித் தாக்குதல் சொதப்புவதும் இதனால்தான். ஆனால் இதைப் பாதுகாப்பு என்று நம்பிவிட வேண்டாம். மொழியை மாற்றும் குறுக்குவிசையை அழுத்த அந்தக் கேபிளுக்கும் தெரியும்.

விலைக் கதைதான் எனக்கு இந்த நிகழ்வில் மிக முக்கியமாகப் படுகிறது. 2013 டிசம்பர் கடைசியில் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழ், அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏவின் உளவுக் கருவிப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் 'காட்டன்மவுத்-1' என்று ஒன்று. யுஎஸ்பி பிளக்குக்குள் ரேடியோவோடு ஒளித்து வைத்த கருவி. இலக்குக் கணினிக்குள் நிரலை ஏற்றவும், இணையமே இல்லாத கணினியோடு காற்று வழியாகப் பேசவும் பயன்படுவது. பட்டியலில் போட்டிருந்த விலை 50 கருவிகளுக்கு 10,15,000 டாலர். ஒன்று 20,000 டாலருக்கு மேல். 2008-09 காலத்து விலை அது. அரசாங்கங்களைத் தவிர வேறு யாரும் நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

அந்தப் பட்டியல் வெளிவருவதற்கு முன்பே, 2010-இல், ஹாக்5 நிறுவனம் 'ரப்பர் டக்கி' என்ற பென்டிரைவ் வடிவக் கருவியைக் கொண்டுவந்திருந்தது. செருகியதும் கீபோர்டாக மாறித் தட்டும்; ரேடியோ கிடையாது. 2014 ஆகஸ்டில் பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். தனிக் கருவியே வேண்டாம், கடையில் வாங்கிய சாதாரண பென்டிரைவின் உள்நிரலை மாற்றி எழுதினாலே அது கீபோர்டாகும் என்று காட்டினார்கள். 'பேட்யுஎஸ்பி' என்ற பெயர் அங்கேதான் பிறந்தது. 2018-இல் வேறு சிலர் கேபிள் வடிவத்திலேயே முயன்றார்கள்.

குரோவரின் கேபிள் 2019-இல் வந்தது. வீட்டிலேயே, மேஜைமேல் வைக்கும் சிறிய மில்லிங் இயந்திரத்தை வைத்து, நுண்ணிய சர்க்யூட் பலகைகளை வெட்டிச் செய்து, ஆப்பிள் கேபிள்களின் பிளக்கைத் திறந்து உள்ளே பொருத்தினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் கையால் செய்த கேபிள்களை ஒன்று 200 டாலர் என்று விற்றார். பிறகு தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்ததும் அடிப்படை மாடல் 120 டாலர் அளவுக்கு இறங்கியது. யுஎஸ்பி-சி பிளக் சின்னது, அதற்குள் இதையெல்லாம் வைக்க இடம் இருக்காது என்று பலர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2021-இல் அதையும் செய்து காட்டினார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 20,000 டாலர் பொருள் ஒரு சாதாரண ஃபோன் விலைக்கு வந்துவிட்டது. யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்ற பட்டியல் இதனால் நீண்டுவிட்டது: வெளிநாட்டு உளவு அமைப்பிலிருந்து, டெண்டரில் போட்டி போடும் பக்கத்துக் கம்பெனி வரை.

சரி, குற்றவாளிகள் நிஜமாகவே இதைப் பயன்படுத்துகிறார்களா? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். விசைகளைத் திணிக்கும் தாக்குதல் நிஜம், ஆதாரத்தோடு பதிவானது. ஆனால் நன்றாகப் பதிவான பெரிய வழக்கில் வந்தது கேபிள் கிடையாது, சில டாலர் விலையுள்ள ஒரு குச்சி.

2020 மார்ச்சில் டிரஸ்ட்வேவ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதை விவரித்தது. அமெரிக்காவில் விருந்தோம்பல் துறை நிறுவனம் ஒன்றுக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. பெஸ்ட் பை என்ற பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையின் பெயரைப் போலியாகப் போட்டிருந்தார்கள். எங்கள் நீண்ட நாள் வாடிக்கையாளர் நீங்கள், இதோ 50 டாலர் பரிசு அட்டை. இதை வைத்து என்னென்ன வாங்கலாம் என்ற பட்டியல் கூட இருக்கும் யுஎஸ்பியில் இருக்கிறது என்றது கடிதம். அந்த யுஎஸ்பியில் பட்டியலும் இல்லை, கோப்பும் இல்லை. பொழுதுபோக்காக எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் வாங்கும் அர்டுய்னோ லியோனார்டோ பலகைகளில் இருக்கும் ஏடிமெகா32யு4 சில்லு இருந்தது. செருகியதும் கீபோர்டாகி, ஒரு பவர்ஷெல் கட்டளையை அடித்தது. அந்தக் கட்டளை இணையத்திலிருந்து அடுத்த கட்ட நிரலை இறக்கியது. அது ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய இன்னொன்றை ஓடவிட்டு, கணினியின் பெயர், பயனர், அவருக்கு உள்ள உரிமைகள், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் என்று விவரம் சேர்த்து வெளியே அனுப்பியது. நடுவில் திரையில் ஒரு போலி எச்சரிக்கைப் பெட்டியும் வந்தது, யுஎஸ்பியில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்க வைப்பதற்காக. செருகியவர் "வேலை செய்யவில்லை" என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். மொத்தத் தாக்குதலிலும் மிகக் கெட்டிக்காரத்தனமான பகுதி இந்தப் பெட்டிதான் என்பேன்.

இதற்குப் பின்னால் இருந்தது ஃபின்7 என்ற குழு என்று எஃப்பிஐ எச்சரித்தது. உணவகங்கள், கடைகளின் கார்டு விவரங்களைத் திருடுவதில் பேர்போன கும்பல். மனிதவளம், ஐடி, மேல்மட்ட நிர்வாகம் ஆகிய பிரிவுகளில் இருப்பவர்களைப் பார்த்துத்தான் பார்சல்கள் போயின. சிலவற்றில் கரடி பொம்மைகூட வைத்திருந்தார்கள். 2021 ஆகஸ்டு முதல் இன்னொரு அலை. போக்குவரத்து, காப்பீடு, பிறகு பாதுகாப்புத் துறை நிறுவனங்கள். சில பார்சல்கள் அமெரிக்க சுகாதாரத் துறை அனுப்பும் கோவிட் வழிகாட்டுதல் மாதிரியும், சில அமேசான் பரிசுப் பெட்டி மாதிரியும் இருந்தன. கடைசி நோக்கம் ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், என்று 2022 ஜனவரி எச்சரிக்கையில் எஃப்பிஐ சொன்னது.

சில டாலர் குச்சியே வேலையை முடிக்கும்போது எவனும் 120 டாலர் கேபிளைத் தபாலில் அனுப்ப மாட்டான். கேபிளின் பயன் வேறு இடத்தில். தெரியாத பென்டிரைவைச் செருகாதே என்று எல்லா அலுவலகத்திலும் ஓதி ஓதி ஓரளவு மண்டையில் ஏறியிருக்கிறது. கேபிளைப் பற்றி யாரும் அப்படி ஓதவில்லை. மீட்டிங் ரூமில் கிடக்கும் கேபிளை எடுத்துச் செருகுவதற்கு யாரும் யோசிப்பதில்லை, "மச்சி, சார்ஜர் இருக்கா?" என்ற கேள்விக்கு யாரும் மறுப்பதுமில்லை. பென்டிரைவைக் கணினியில் ஐந்து நிமிடம் வைப்பார்கள். கேபிள் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஆகவே கேபிள் என்பது பெயர் சொல்லிக் குறிவைத்த ஒரு நபருக்கானது: நிதித் தலைவர், சிஸ்டம் அட்மின், வழக்கு நடத்தும் வக்கீல், செய்தியாளர்.

இந்தக் காரணத்தால்தான் விமான நிலைய சார்ஜிங் பயம் எனக்குக் கொஞ்சம் இடம் மாறிய பயமாகத் தெரிகிறது. இந்திய ரிசர்வ் வங்கியின் 2022 விழிப்புணர்வுக் கையேட்டில்கூட 'ஜூஸ் ஜாக்கிங்', அதாவது பொது சார்ஜிங் பாயின்ட் வழியாக ஃபோனிலிருந்து திருடுவது, இருக்கிறது. ஆனால் பொது இடத்து சார்ஜிங் பாயின்ட் வழியாக இப்படித் திருடப்பட்டதாக உறுதி செய்யப்பட்ட நிகழ்வு எதுவும் தங்களுக்குத் தெரியாது என்று அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. எச்சரிக்கை தப்பு என்று சொல்லவில்லை. 2025-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு மோசமான சார்ஜர் கீபோர்டாக நடித்து, "டேட்டாவை அனுமதிக்கவா?" என்று ஃபோன் கேட்கும் கேள்விக்குத் தானே 'சரி' சொல்ல முடியும் என்று காட்டினார்கள். முடியும் என்பது வேறு, நடக்கிறது என்பது வேறு. சொந்த சார்ஜரை எடுத்துப் போனால் இந்தக் கவலை தீர்ந்துவிடும். சொந்த அலுவலகத்து மேஜையில் கிடக்கும் கேபிளுக்கு அப்படி ஒரு எளிய வழி இல்லை.

தாக்குதல் நடந்த விண்டோஸ் கணினியில் என்ன தடயம் கிடைக்கும்? கேபிளில் வைரஸ் ஸ்கேன் ஓட்ட முடியாது, ஏனென்றால் அதில் படிக்கும்படியான கோப்பே இல்லை. ஆனால் கணினியின் பக்கம் நிறையவே மிஞ்சும். புதிய கீபோர்டு ஒன்று முதல்முறை வந்த நேரம் சாதன நிறுவல் பதிவில் இருக்கும். தணிக்கையை முன்பே இயக்கி வைத்திருந்தால், புதிய வெளிச் சாதனம் வந்ததை நிகழ்வு எண் 6416 சொல்லும். 'ரன்' பெட்டியில் அடித்த கட்டளை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் தங்கும், தாக்கியவர் அதை அழிக்காத வரை. பவர்ஷெல்லில் ஓடிய நிரலின் முழு வரிகளையும் 4104 என்ற நிகழ்வு பதிவு செய்யும், அதற்கான அமைப்பை இயக்கியிருந்தால். பல இடங்களில் இயக்குவதில்லை. காலை 11:42-க்குப் புதிய கீபோர்டு, சில நொடிகளில் நீளமான பவர்ஷெல் வரி, உடனே ஒரு வெளி முகவரிக்கு இணைப்பு: இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் ஆள் இருந்தால் கதை புரிந்துவிடும்.

தடுப்பைப் பொறுத்தவரை, நம் ஊர் அலுவலகங்களில் நான் அதிகம் கேட்கும் பதில் "நாங்கள் யுஎஸ்பியை பிளாக் செய்திருக்கிறோமே" என்பது. அவர்கள் தடுத்திருப்பது சேமிப்புச் சாதனங்களை மட்டும்தான். பென்டிரைவ் திறக்காது, கீபோர்டு தாராளமாக வேலை செய்யும். கேபிள் வருவதோ கீபோர்டாக. இதை அடைக்க வேண்டுமென்றால், அனுமதித்த சாதனங்களைத் தவிர மற்ற எதையும் நிறுவாதே என்ற குரூப் பாலிசியை (அலுவலகக் கணினிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து போடும் விண்டோஸ் விதி) போட வேண்டும். அதுவும் முழுமையில்லை, அனுமதித்த கீபோர்டின் எண்ணையே கேபிள் சொல்லலாம் என்று மேலே பார்த்தோம். இருந்தாலும் அந்த எண் என்ன என்று தாக்குபவர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வர வேண்டியிருக்கும்.

அனுமதித்த சாதனங்களை மட்டும் ஏற்கும் இந்த வேலையை லினக்ஸ் இயங்குதளத்தில் யுஎஸ்பிகார்டு என்ற கருவி செய்கிறது. கூகுள் 2020-இல் வெளியிட்ட இன்னொரு லினக்ஸ் கருவி வேறு வழியில் யோசித்தது: விசைகளுக்கு இடையிலான இடைவெளியை அளந்து, மனிதக் கையால் முடியாத வேகத்தில் வந்தால் அந்தச் சாதனத்தை விலக்கிவிடும். அழகான யோசனை. ஆனால் வேகத்தைக் குறைத்து மனிதர் மாதிரி அடிக்கச் சொல்ல ஒரு வரி போதும். ஆப்பிள் 2022-இல் வெளியிட்ட வென்ச்சுரா என்ற மேக் இயங்குதளம் முதல், அவர்களுடைய சொந்தச் சில்லுள்ள மேக்புக்குகள் புதிய யுஎஸ்பி சாதனத்தை அனுமதிக்கவா என்று கேட்கின்றன. எதையுமே செருகாத நேரத்தில் இந்தக் கேள்வி வந்தால் அதுவே பெரிய எச்சரிக்கை. பிரச்சினை, கேபிளைச் செருகிய கையோடு கேள்வி வந்தால் யாரும் படிக்காமல் 'அலோ' கொடுத்துவிடுவார்கள்.

எனக்குப் பிடித்த தடுப்பு மிகவும் பழையது: தினசரி வேலைக்கு அட்மின் கணக்கைப் பயன்படுத்தாமல் இருப்பது. கேபிள் அடிக்கும் கட்டளைகள் அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் பயனரின் உரிமையோடுதான் ஓடும். அட்மின் கணக்கில் விண்டோஸ் கேட்கும் "ஆம், இல்லை" கேள்விக்குக் கேபிளே ஆம் என்று அழுத்திவிடும், ஏனென்றால் அதுவும் கீபோர்டு விசைதானே. சாதாரணக் கணக்கில் பாஸ்வேர்டு கேட்கும். அது கேபிளுக்குத் தெரியாது. எழுந்து போகும்போது திரையைப் பூட்டுவதும் அப்படித்தான். பூட்டிய திரையில் எவ்வளவு வேகமாக அடித்தாலும் எல்லாம் பாஸ்வேர்டு கட்டத்தில்தான் போய் விழும்.

டேட்டா பின்களை வெட்டிவிடும் 'டேட்டா பிளாக்கர்' என்ற சிறிய அடாப்டரைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். சார்ஜுக்கு மட்டும் என்றால் அது வேலை செய்யும். தெரிந்த இடத்தில் வாங்க வேண்டும். ஏனென்றால் அதே ஹாக்5, பார்ப்பதற்கு டேட்டா பிளாக்கர் மாதிரியே இருந்து ஓ.எம்ஜி கேபிளின் வேலையைச் செய்யும் ஒரு பொருளையும் விற்கிறது. பெயர் 'அன்பிளாக்கர்'.

கையில் சந்தேகத்துக்குரிய கேபிள் ஒன்று இருந்தால், செருகிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று இறங்க வேண்டாம். தூங்கும் நிலையில் அது சாதனப் பட்டியலில் வராது, செருகியதும் மின்சாரம் கிடைத்து அதன் வைஃபை உயிர் பெறும். இவ்வகைக் கேபிள்களைக் கண்டறியும் ஒரு சிறு கருவியை ஹாக்5 நிறுவனமே விற்கிறது. அதை வாங்கி வைப்பது பெரிய பாதுகாப்புக் குழு உள்ள இடங்களுக்குப் பொருந்தும். மற்றவர்களுக்கு என் யோசனை, மீட்டிங் ரூம் கேபிள்களை நிறுவனமே மொத்தமாக வாங்கி, வால் பகுதியில் அடையாளச் சுற்று ஒட்டி, கணக்கு வைத்துக்கொள்வது. அடையாளம் இல்லாத கேபிள் எது கிடைத்தாலும் ஐடி பிரிவில் கொடுத்துவிட வேண்டும். விசாரணை வேண்டியதில்லை என்று முடிவானால், இரண்டு பிளக்கையும் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு மின்கழிவுப் பெட்டியில் போடலாம். புது கேபிள் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது.